உங்களுக்குத் தெரியுமா? நாற்றுவிடக் கூடாத காய்கள்

தக்காளி, கத்தரி, மிளகாயை நாற்றுவிட்டு எடுத்து நடலாம். முள்ளங்கியையும் கேரட்டையும் அப்படி நட்டால் கிழங்கு இரண்டாகப் பிளந்தோ கோணலாகவோ வளரும். காரணம் எளிது: நாம் சாப்பிடும் கிழங்கே அந்தச் செடியின் ஆணிவேர்தான். பிடுங்கும்போது அதன் நுனி ஒடிந்தால் பக்கவேர்கள் தடிக்கத் தொடங்கும். கல்லும் கட்டியும் நிறைந்த மண்ணிலும் இதே கதிதான். ஆகவே இவற்றைப் பொலபொலப்பான மண்ணில், வளரவேண்டிய இடத்திலேயே விதைக்க வேண்டும்.

வெண்டை, கொத்தவரை, அவரை, பாகல், புடலை ஆகியவற்றுக்கும் வேர் கலைவது பிடிக்காது. வெண்டைக்கும் பாகலுக்கும் விதைத்தோல் கெட்டி. ஓர் இரவு ஊறவைத்தால் முளைப்பு சீராக இருக்கும். கொடிக்காய்களுக்குக் குழிக்கு நாலைந்து விதை போட்டு, முளைத்தபின் வலுவான இரண்டை மட்டும் விட்டுவைப்பது வழக்கம். மற்றவற்றைக் களைய மனம் வராது, ஆனால் களைந்தே ஆகவேண்டும்.

எவ்வளவு ஆழம்? விதையின் பருமனைப்போல இரண்டு, மூன்று மடங்கு போதும். கீரைவிதை மிகச் சிறியது. மணலோடு கலந்து தூவினால் ஒரே இடத்தில் குவியாது, மேலே மெல்லிய மண் பூச்சு போதும். தண்ணீரைக் கொட்டாமல் பூவாளியால் தெளியுங்கள்.

கொத்தமல்லியில் நாம் விதை என்று சொல்வது உண்மையில் காய்ந்த கனி. உள்ளே இரண்டு விதைகள் இருக்கும். லேசாகத் தேய்த்து இரண்டாக்கி விதைத்தால் ஒவ்வொரு பாதியும் தனிச்செடியாகும்.