லயத்துப் பின்புறத்துப் புகை

தோட்டத்து வீடுகளில் குப்பையை எரிப்பது புதிய பழக்கமன்று. நம் பாட்டிமார் காலத்திலும் மாலையில் வாசல் கூட்டி, சருகையும் தேங்காய் மட்டையையும் லயத்தின் பின்புறம் குவித்துத் தீ வைத்தார்கள். அந்தப் புகை கொசுவை விரட்டியது. மிஞ்சிய சாம்பல் பாத்திரம் துலக்க உதவியது. வாழைக் கன்றுக்கும் உரமாயிற்று. இன்றும் நாம் அதே இடத்தில்தான் தீ வைக்கிறோம். ஆனால் குவியலில் கிடக்கும் பொருள் மாறிவிட்டது. சாமான் கடைப் பை, மீன் வாங்கிய பை, பாசார் மாலாமில் கறி வாங்கிய பை, கயிறு கட்டித் தொங்கவிட்டுக் கொண்டுவந்த தேத்தண்ணீர்ப் பை, பாக்கெட் மீயின் உறை, ஷாம்பூ புட்டி, உடைந்த வாளி. இவற்றை எரித்தால் என்ன நேர்கிறது, எரிக்காமல் எறிந்தால் என்ன நேர்கிறது என்பதை நேயர்களே, சற்று விளக்கமாகப் பார்ப்போம்.

பிளாஸ்டிக் என்றால் என்ன? பால்மரத்தை அறிந்தவர்களுக்கு இதை விளக்குவது எளிது. மங்கில் உறைந்த பாலை இழுத்தால் நீள்கிறது. அதன் அணுக்கள் நீண்ட சங்கிலிகளாகக் கோத்துக் கிடப்பதே அதற்குக் காரணம். பிளாஸ்டிக்கும் அத்தகைய சங்கிலிதான். ஆனால் அது பெரும்பாலும் பூமிக்கடியிலிருந்து எடுக்கும் எண்ணெயிலிருந்தும் எரிவாயுவிலிருந்தும் செய்யப்படுகிறது. மரத்தடியில் சிந்திய பாலை மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் காலப்போக்கில் தின்று தீர்த்துவிடும். சாமான் பைக்குரிய பாலித்தீனோ 1933ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் ஆய்வுக்கூடம் ஒன்றில் தற்செயலாகப் பிறந்தது. நுண்ணுயிர்களுக்கு அதை எளிதில் செரிக்கத் தெரியாது. வெயிலில் கிடந்தால் பை நொறுங்கித் துகளாகும். மண்ணோடு மண்ணாக மக்காது.

இங்கே ஒரு செய்தியைச் சொல்லாமல் செல்ல மனமில்லை. பிளாஸ்டிக்கின் மூதாதை என்று சொல்லத்தக்க பொருள் ஒன்று இந்த மலாயாக் காடுகளிலிருந்துதான் உலகுக்குப் போனது. அது கெத்தா பெர்ச்சா என்னும் மரப்பால். வெந்நீரில் இளகும், ஆறினால் இறுகும். 19ஆம் நூற்றாண்டில் கடலடியில் தந்திக் கம்பி போட்டவர்கள், கம்பிக்கு மேலுறையாக அதைத்தான் பூசினார்கள். அதற்காக நம் காடுகளில் மரங்கள் கணக்கின்றி வெட்டிச் சாய்க்கப்பட்டன. பின்னாளில் அந்த வேலையைப் பாலித்தீன் எடுத்துக்கொண்டது. ஆகவே பிளாஸ்டிக் வந்ததால் நன்மையே இல்லை என்று நாம் சொல்லமாட்டோம். மருத்துவமனையில் ஊசிக்கும் ரத்தப் பைக்கும் அது தேவைதான். அரை மணி நேரம் தேத்தண்ணீர் சுமப்பதற்கு அது தேவையா என்பதுதான் கேள்வி.

இனி எரிப்பதைப் பார்ப்போம். நகரங்களில் உள்ள பெரிய எரியுலைகளில் 850 பாகை செல்சியஸுக்கு மேல் வெப்பம் ஏற்றி, புகையை வடிகட்டி வெளியே விடுகிறார்கள். நம் கொல்லைப்புறத் தீயில் அவ்வளவு வெப்பம் கிடையாது. அரைகுறையாக எரிந்து கரும்புகை கிளம்பும். அந்தக் கரித்துகள் நுரையீரலின் ஆழம்வரை போகும். இளைப்பு நோய் உள்ள பிள்ளைகளுக்கு அது பெரும் கேடு. குவியலில் பிவிசி குழாயோ, மின்கம்பியின் உறையோ கிடந்தால் நிலைமை இன்னும் மோசம். அவற்றில் குளோரின் இருப்பதால் டையாக்சின் என்னும் நஞ்சு உண்டாகிறது. அது சாம்பலிலும் சுற்றியுள்ள மண்ணிலும் படிகிறது. அங்கே கோழி கிளறிப் பொறுக்குகிறது. கோழியின் கொழுப்பில் சேர்ந்து முட்டைக்கும் வருகிறது. பாட்டி காலத்துச் சாம்பலை வாழைக்குப் போட்டது சரி. இந்தச் சாம்பலைப் போடக் கூடாது. திறந்த வெளியில் குப்பை எரிப்பதை மலேசியாவின் 1974ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் தரச் சட்டமும் தடுக்கிறது.

எரிக்காமல் எறிந்தாலும் தொல்லை தீர்வதில்லை. கால்வாய் அடைபடுவதை நாம் கண்ணால் காண்கிறோம். செம்பனை நிரையில் வீசிய ஒரு தேத்தண்ணீர்ப் பையில் மழைநீர் தேங்கினால் போதும், ஏடிஸ் கொசு முட்டையிடும். ஏறக்குறைய ஒரு வாரம், பத்து நாளில் கொசுவாகப் பறக்கும். தண்ணீர் வற்றினாலும் முட்டை சாவதில்லை. பல மாதம் காய்ந்து கிடந்து, அடுத்த மழையில் பொரிக்கும். டெங்கிக் காய்ச்சல் இப்படித்தான் லயத்துக்குள் நுழைகிறது.

மாடு வளர்ப்பவர்கள் இதைக் கவனித்துக் கேட்க வேண்டும். கறி ஒட்டிய பையில் உப்பும் எண்ணெயும் இருக்கும். அந்த வாசத்துக்கு மாடு பையோடு விழுங்கிவிடும். மாடு முதலில் அவசரமாக விழுங்கி, பிறகு அசைபோடும் பிராணி அல்லவா? பை முதல் இரைப்பையிலேயே தங்கிவிடுகிறது. செரிக்காது, சாணத்தோடும் வெளியேறாது. ஒன்றோடு ஒன்று முறுக்கிப் பந்தாகத் திரளும். மாடு தீனி தள்ளும், பால் வற்றும், வயிறு உப்பும். வயிற்றை அறுத்துப் பார்த்த கால்நடை மருத்துவர்கள் கிலோக்கணக்கில் பை எடுத்திருக்கிறார்கள். அருமையாக வளர்த்த கறவை மாட்டை இப்படிப் பறிகொடுப்பது எவ்வளவு கொடுமை!

நம் வீட்டுக் குப்பை மட்டும்தானா என்றால், இல்லை. சீனா 2018ஆம் ஆண்டு தொடக்கத்தில் வெளிநாட்டுப் பிளாஸ்டிக் கழிவுக்குக் கதவடைத்தது. அந்தக் கழிவு மலேசியாவின் பக்கம் திரும்பியது. செம்பனைத் தோட்டங்கள் சூழ்ந்த ஜெஞ்ஜாரோம் வட்டாரத்தில் உரிமமற்ற ஆலைகள் முளைத்து, இரவில் எரித்தன. ஊர் மக்கள் மூச்சுத் திணறிப் புகார் செய்த பிறகே அவை மூடப்பட்டன. 150 கொள்கலன்கள் வந்த நாடுகளுக்கே திருப்பி அனுப்பப்பட்டதாக அரசாங்கம் 2020 ஜனவரியில் அறிவித்தது. ஊர் கூடிக் கேட்டால் காரியம் நடக்கும் என்பதற்கு இது நல்ல சான்று.

பைக்கு விலை வைக்கும் முறையும் வந்திருக்கிறது. பினாங்கில் 2011 முதலும், சிலாங்கூரில் 2017 முதலும் கடைப் பைக்கு 20 காசு வாங்கத் தொடங்கினார்கள். சிங்கப்பூரின் பெரிய பேரங்காடிகளில் 2023 ஜூலை முதல் குறைந்தது 5 காசு. பேரங்காடியில் இது பலன் தரலாம். பாசார் மாலாமில் மீனுக்கொரு பை, மிளகாய்க்கொரு பை என்று கேட்காமலே போட்டுக் கொடுக்கிறார்களே, அங்கே நாம்தான் வேண்டாம் என்று சொல்ல வேண்டும். இரண்டு துணிப் பை, மீனுக்கு மூடியுள்ள ஒரு டப்பா, கறிக்கும் தேத்தண்ணீருக்கும் தூக்குச்சட்டி. இவை எந்த வீட்டிலும் இருப்பவைதான். சுடச்சுடக் கறியை மெல்லிய பையில் ஊற்றாமலிருப்பது உடம்புக்கும் நல்லது. கோயில் திருவிழா அன்னதானத்துக்குப் போலிஸ்டிரீன் தட்டை விட்டு வாழையிலைக்குத் திரும்புவது கோயில் கமிட்டி ஒரே கூட்டத்தில் முடிவு செய்யக்கூடிய காரியம். தோட்டத்தில் வாழைக்கா பஞ்சம்?

புட்டிகளையும் வாளிகளையும் பழைய சாமான் வாங்குபவர் எடுத்துக்கொள்வார். மெல்லிய பையை அநேகமாக வாங்கமாட்டார். அதை அலசிக் காயவைத்துத் தனிச் சாக்கில் சேர்க்கலாம். அந்தச் சாக்கு எங்கே போவது? குப்பை லாரி வராத தோட்டங்களில் குடும்பங்களை மட்டும் குறை சொல்வது நியாயமன்று. தோட்டத்துக் குடியிருப்பின் சுகாதாரத்துக்கு முதலாளி பொறுப்பு என்று 1990ஆம் ஆண்டுத் தொழிலாளர் குடியிருப்புச் சட்டம் கூறுகிறது. ஆகவே சங்கக் கிளையின் வழியாக நிர்வாகத்துக்கு எழுதிக் கேட்கலாம். வாரத்தில் எந்த நாள் குப்பை எடுப்பார்கள், சாக்கை எந்த இடத்தில் வைக்க வேண்டும் என்பதையும் எழுத்தில் வாங்கி, அந்தத் தாளை லயத்துக் கோடியில் எல்லார் கண்ணிலும் படும்படி ஒட்டிவைக்கலாம்.