குடலும் வாய்க்காலும்

பல்லவ மன்னன் முதலாம் பரமேசுவரவர்மன் ஏழாம் நூற்றாண்டில் வழங்கிய கூரம் செப்பேடு, அவ்வூரின் பரமேசுவர தடாகத்தைப் பற்றியும், பாலாற்றினின்று நீர் கொணர்ந்த பெரும்பிடுகு வாய்க்காலைப் பற்றியும் கூறுகின்றது. வாய்க்கால் வெட்டினால் மட்டும் போதாது. மடையைத் திறந்தும் அடைத்தும் நீரை முறையாக ஓட்டுவதற்கு நீர்க்கட்டியும் வேண்டும் என்பதை நம் உழவர் நன்கறிவர்.

நமது வயிற்றினுள்ளும் அத்தகையதொரு வாய்க்கால் உண்டு. அதுவே குடல். அதன் சுவரிலுள்ள தசைகளுக்கிடையே நுண்ணிய நரம்புப் பின்னல் ஒன்று பரந்துள்ளது. அதனை 19ஆம் நூற்றாண்டில் விவரித்தவர் அவர்பாக் என்னும் ஜெர்மானிய அறிஞர். உணவைப் படிப்படியாக முன்னே தள்ளும் நீர்க்கட்டி இப்பின்னலே எனலாம்.

சிலருக்கு நோயை எதிர்க்க வேண்டிய உடலின் காவற்படை, தன் வீட்டாரையே பகைவரென்று எண்ணித் தாக்கத் தொடங்குகின்றது. தோலை இறுகச் செய்யும் ஸ்கிளீரோடெர்மா என்னும் நோய், உணவுக்குழல், குடல் ஆகியவற்றின் தசைகளையும் தளர்த்துவதுண்டு. 1912ஆம் ஆண்டில் ஜப்பானிய மருத்துவர் ஹாஷிமோட்டோ விவரித்த தைராய்டு நோயில் சுரப்பு நீர் குறைவதால் குடலின் ஓட்டம் மந்தமாகி மலச்சிக்கல் நேரிடுகின்றது. இளமையிலேயே இன்சுலினை இழக்கும் நீரிழிவிலும், ஆண்டுகள் பல கழிந்தபின் நரம்புகள் கெட்டு, உண்ட உணவு இரைப்பையிலேயே தங்கிவிடக் கூடும். அரிதாக, காவற்படை குடல் நரம்புகளையே நேராகத் தாக்குவதும் உண்டு.

இத்தகைய நோயாளியை நம் இல்லங்களில் எவ்வாறு நடத்துகின்றோம்? இரண்டு கவளத்தில் வயிறு நிறைந்ததென்று எழுந்துவிடும் மருமகளை, "சோற்றின் மேல் வெறுப்பு" என்கின்றோம். வயிறு உப்புசத்தால் வருந்துவோருக்கு "வெறும் வாயு" என்று பேதி மருந்து கொடுக்கின்றோம். நோயின் துன்பத்தோடு, நம்பப்படாத துன்பமும் சேர்கின்றது.

தயிரும் மோரும் இதற்கு மருந்தாகுமா? புளித்த பாலிலுள்ள நுண்ணுயிர்கள் நலம் பயக்கும் என்று கூறியவர், 1908இல் நோபல் பரிசு பெற்ற மெச்னிகாப். நம் நாட்டிலேயே, லூதியானா மருத்துவர்கள் முன்னின்று நடத்திய ஆய்வொன்று 2009இல் வெளிவந்தது. பெருங்குடலில் அழற்சியும் புண்ணும் உற்ற 147 பேர் அதில் பங்கேற்றனர். எட்டு வகை நுண்ணுயிர்கள் செறிந்த கலவையை உண்ட 77 பேரில் 33 பேருக்கு 12 வாரங்களில் நோய் தணிந்தது. வெற்றுப்பொடி உண்ட 70 பேரில் 11 பேருக்கே தணிந்தது.

எனினும் ஒன்றை மறவாதிருப்போம். அது அழற்சி நோய்க்குச் செய்த ஆய்வு. குறித்த கலவையை மிகுந்த அளவில் கொடுத்துச் செய்தது. வீட்டு மோர் அதற்கு ஈடாகாது. பழுதுற்ற நரம்பை மோர் சீராக்கும் என்பதற்கும் அது சான்றாகாது. மோர் நல்ல உணவு, மருந்தன்று. எதிர்ப்பாற்றலை அடக்கும் மருந்து உட்கொள்வோர், நுண்ணுயிர் மாத்திரைகளை மருத்துவரைக் கேளாமல் உண்ணலாகாது.

ஆகவே, உடல் மெலிதல், ஓயாத வாந்தி, மலத்தில் இரத்தம், வாரக்கணக்கில் நீடிக்கும் மலச்சிக்கல் ஆகியவற்றைக் கண்டால் தாமதியாது மருத்துவமனைக்குச் செல்வோம். வயிறு பெருத்து, மலமும் வாயுவும் அறவே நின்றுவிட்டால் அன்றே செல்வோம். தைராய்டு, சர்க்கரை ஆகியவற்றை அறிய எளிய இரத்தப் பரிசோதனைகள் உண்டு. காரணம் தெரிந்தால் அதற்கேற்ற சிகிச்சையும் உண்டு.

அதற்கு முன்பே நாம் செய்யக்கூடியது ஒன்றுண்டு: நம் வீட்டில் ஒருவர் "என்னால் உண்ண முடியவில்லை" என்று சொன்னால், அதை நம்புவோம்.