கொல்லையில் காய்ப்பது குப்பைக்குப் போகலாமா?

தோட்டத்தில் கையில் காசு குறைகிற காலம் எது என்று நம் பாட்டாளிகளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பிப்ரவரி, மார்ச்சில் பால்மரம் இலை உதிர்க்கும், பால் குறையும். செப்டம்பர், அக்டோபரில் மழை கொட்டும். மரம் நனைந்துவிட்டால் அன்றைக்கு வெட்டு இல்லை. அந்த நாட்களில் கனத்துப் போவது கடைப் பற்றுப் புத்தகம் மட்டும்தான்.

ஆனால் ஒன்றைக் கவனித்தீர்களா? பினாங்கு, செபராங் பிறை வட்டாரத்தில் ஜனவரி, பிப்ரவரிதான் மழை குறைந்து நல்ல வெயில் அடிக்கும் காலம். சம்பளம் மெலியத் தொடங்கும் நேரத்தில் வெயில் இலவசமாகக் கிடைக்கிறது. கொல்லையில் விளைவதை அப்போதே காயவைத்து ஜாடியில் போட்டுவிட்டால், மழைக்காலத்துக் குழம்புக்குக் கடன் சொல்ல வேண்டியதில்லை.

வீட்டுத் தோட்டம் போடுங்கள் என்ற பேச்சு புதிதல்ல. துன் அப்துல் ரசாக் பிரதமராக இருந்தபோது 1974-ல் பச்சைப் புத்தகத் திட்டம் வந்தது. பினாங்கு பயனீட்டாளர் சங்கமும் இதை விடாமல் சொல்லி வருகிறது. நம் மக்களும் நடத்தான் செய்கிறார்கள். பிறகு என்ன ஆகிறது? ஒரு வாரம் வெண்டைக்காய் கூடை கூடையாய்க் காய்க்கும். மறுவாரம் முற்றி நாராகிவிடும். "நாலு காய்தானே, போனால் போகுது" என்று விட்டுவிடுகிறோம். நட்டதில் பாதி வீணாவது இங்கேதான்.

பறிக்கும் பக்குவம்

வெண்டைக்காயை இரண்டு நாளைக்கு ஒருமுறை பறிக்க வேண்டும். நுனியை ஒடித்தால் சட்டென்று ஒடிய வேண்டும். முற்றவிட்டால் செடி பூப்பதைக் குறைத்துக்கொள்ளும். தண்டுக்கீரை, காங்கோங் ஆகியவற்றை வேரோடு பிடுங்காமல் நாலு விரல் உயரம் விட்டு அறுத்தால் மறுபடி துளிர்க்கும். கறிவேப்பிலையைத் தனித்தனி இலையாக உருவாமல் கிளை நுனியோடு ஒடியுங்கள். பக்கக் கிளை வெடிக்கும். மரவள்ளிக் கிழங்கைத் தோண்டினால் இரண்டு மூன்று நாளில் கெட்டுவிடும். அதற்கு மண்ணே நல்ல சேமிப்புக் கிடங்கு. வேண்டியபோது வேண்டியதை மட்டும் தோண்டுங்கள்.

நிழலா, வெயிலா?

கீரைக்கும் இலைக்கும் நிழல், காய்க்கு வெயில். இதை நினைவில் வையுங்கள். முருங்கைக்கீரையையும் கறிவேப்பிலையையும் காலையில் பனி உலர்ந்தபின் பறித்து, கழுவி, காற்றோட்டமான நிழலில் உலர்த்துங்கள். வெயிலில் போட்டால் மணமும் சத்தும் குறையும். கையில் கசக்கினால் நொறுங்க வேண்டும்.

கத்தரி, அவரை, கொத்தவரங்காய் ஆகியவற்றை நறுக்கி, உப்புப் போட்ட கொதிநீரில் இரண்டு நிமிடம் விட்டு எடுத்துக் காயவையுங்கள். லயத்துப் பின்புறம் தானாக முளைக்கும் சுண்டைக்காயைத் தட்டி, உப்பு மோரில் ஊறவைத்து உலர்த்தலாம். மிளகாயைக் கீறி மோரில் போட்டு, பகலில் வெயிலிலும் இரவில் அதே மோரிலும் வையுங்கள். மோர் வற்றியபின் சடக்கென ஒடியும்வரை காயட்டும். எல்லாம் நன்றாக ஆறிய பிறகே ஜாடியில் போட வேண்டும். சூட்டோடு மூடினால் வேர்த்துப் பூஞ்சணம் பிடிக்கும்.

உப்பும் ஜாடியும்

ஜார்ஜ் டவுன் சௌராஸ்தா சந்தையில் சுற்றுலாப் பயணிகள் தேடிப்போய் வாங்கும் ஜாதிக்காய், மாங்காய் ஊறல்கள் எல்லாம் உப்பு, சர்க்கரை, வெயில் ஆகியவற்றின் வேலைதான். நம் பாட்டிமார்களுக்கும் அது கைவந்த கலை. ஒரு கிலோ எலுமிச்சைக்கு ஏறக்குறைய 200 கிராம் கல்லுப்பு போடலாம். உப்பைக் குறைத்தால் ஊறுகாய் கெடும். இரத்த அழுத்தம் உள்ளவர்கள் உப்பைக் குறைக்காமல் ஊறுகாயைக் குறைத்துச் சாப்பிடட்டும். ஜாடி ஈரமில்லாமல் இருக்க வேண்டும். ஈரக் கரண்டியும் கூடாது.

உயிர் விஷயம்

தோட்டத்தில் களைக்கொல்லி வந்த டின்னையும் பீப்பாயையும் கழுவிவிட்டு ஊறுகாய்க்கோ தண்ணீருக்கோ பயன்படுத்தவே கூடாது. எத்தனை முறை கழுவினாலும் விஷம் விஷம்தான். பாராகுவாட் களைக்கொல்லி நம் நாட்டில் 2020-ல் தடை செய்யப்பட்டது. அதற்காகப் பழைய டின்கள் பாதுகாப்பானவை ஆகிவிடா. மருந்து அடிக்கும் நிரைக்குப் பக்கத்தில் கீரை பறிப்பதும், அங்கே வற்றல் காயப்போடுவதும் வேண்டாம். பூஞ்சணம் பூத்த வற்றலைச் சுரண்டிவிட்டுத் தின்னாதீர்கள், கொட்டிவிடுங்கள்.

தோட்டம் விற்கப்பட்டு அடுக்குமாடிக்குக் குடிபோனவர்களும் மனம் தளர வேண்டாம். நாலு தொட்டியில் மிளகாயும் கறிவேப்பிலையும் வளரும். நாற்று நட்டு ஏறக்குறைய மூன்று மாதத்தில் மிளகாய் காய்க்கும். ஜனவரி வெயிலுக்கு மோர்மிளகாய் வேண்டுமானால் அக்டோபருக்குள் நட்டுவிடுங்கள். ஒரு பாய், ஒரு மெல்லிய துணி, இரண்டு கண்ணாடி ஜாடி. முதலீடு இவ்வளவுதான்.