கழுத்திலிருந்து அவிழும் நூல்

கொடைக்கானல் மலையின் வில்பட்டியில் மதியத்துக்குமேல் மேகம் இறங்கிவிட்டால் எதிர்வீடு கண்ணுக்குத் தெரியாது. அப்படி ஒரு நேரத்தில் ஒரு வீட்டுத் திண்ணையில் ஒதுங்கினேன். அங்கே ஒரு பாட்டி பழைய ஸ்வெட்டரைப் பிரித்துக்கொண்டிருந்தார். பேரனுக்குக் குல்லா பின்ன நூல் வேண்டுமாம். “கீழ இருந்தே பிரிக்கலாமே பாட்டி?” என்றேன். “கீழ இருந்து இழுத்தா சிக்கிக்கும் தம்பி. கழுத்துல பிடிச்சாத்தான் சரசரன்னு வரும்.”

நெசவுத் துணியில் பாவு நூல்களும் ஊடு நூல்களும் ஒன்றையொன்று குறுக்கே பிடித்துக் கிடக்கும். பின்னலில் அப்படி இல்லை. கீழ்வரிசைக் கண்ணிக்குள் மேல்வரிசைக் கண்ணி நுழைந்து அதை அவிழாமல் காக்கிறது. அந்த மேல்வரிசையை அடுத்த வரிசை காக்கிறது. இயந்திரமும் அடிப்பட்டையில் தொடங்கி மேலே ஏறித்தான் பின்னும். ஆகவே கடைசியில் போட்ட கண்ணிதான் முதலில் அவிழும். எது முதல், எது பிறகு என்பதே இங்கே எல்லாம். பின்னல் இயந்திரத்துக்குப் புரோகிராம் போடுகிறவர் மண்டையை உடைத்துக்கொள்வதும் இதற்காகத்தான்.

கொடைக்கானல் கடைகளில் தொங்கும் ஸ்வெட்டர்களில் நிறைய பஞ்சாபின் லூதியானாவிலிருந்து வருபவை. இதே மலையில் மன்னவனூரில் 1965-லிருந்து மத்திய அரசின் செம்மறி ஆராய்ச்சி மையம் இருக்கிறது, கம்பளி தரும் பாரத் மெரினோ ஆடுகள் மேய்கின்றன. இருந்தும் நம் தோளில் ஏறுவது பெரும்பாலும் பஞ்சாபிலிருந்து வரும் அக்ரிலிக்தான். மலையிறங்கி, பழனி, தாராபுரம் வழியாகப் போனால் வரும் திருப்பூரோ வேறு ரகம். அங்கே பெரும்பாலும் வட்ட இயந்திரங்கள்: ஊசிகள் பதித்த உருளை சுழலச் சுழலத் துணி குழாயாக இறங்கும். டிசைன் மாற வேண்டுமானால் பல இயந்திரங்களில் ஊசிகளை ஏற்றி இறக்கும் கேம்களை மெக்கானிக் கழற்றி மாற்றினால் போதும். ஆனால் அங்கேயும் காலர் வைத்த டி-சர்ட்டின் காலருக்குத் தட்டை இயந்திரம் வேண்டும். காலர்கள் தோரணம்போல் ஒன்றன்பின் ஒன்றாக இறங்கும். இரண்டு காலருக்கு நடுவே ஒரு பிரிப்பு நூல் ஓடும், அதை உருவினால் தனித்தனியாக வந்துவிடும். அந்த நூல் எந்த வரிசையில் வர வேண்டும் என்பதும் புரோகிராமில் ஒரு வரி.

ஸ்வெட்டரும் பின்னும் இந்தத் தட்டை இயந்திரத்தில் ஊசிகள் செருகிய இரண்டு படுகைகள் கூரைபோல் சாய்ந்து எதிரெதிரே நிற்கும். கேரேஜ் என்ற வண்டி இடமும் வலமும் ஓடி ஊசிகளை எழுப்பும். ஓர் ஊசிக்குச் சொல்லக்கூடியது சொற்பம்தான்: புதுக் கண்ணி போடு, பழையதை விடாமல் நூலை மட்டும் பிடித்துக்கொள், சும்மா இரு, உன் கண்ணியை எதிர்ப்படுகைக்குக் கொடு. இதோடு, பின்படுகை முழுவதையும் சில ஊசி தூரம் இடமோ வலமோ நகர்த்தலாம்.

திரையில் இதெல்லாம் வண்ணக் கட்டங்களாகத் தெரியும். புதிதாகக் கற்க வருகிறவர் தடுமாறும் இடம் இதுதான். பல மென்பொருள்களில் சிவப்புக் கட்டம் என்றால் சிவப்பு நூல் என்று பொருளில்லை, ‘முன்படுகையில் பின்னு’ என்ற கட்டளை. எந்த நூல், என்ன வேகம், கண்ணி எவ்வளவு பெரிது என்பதையெல்லாம் பக்கவாட்டுப் பத்திகளில் வரிசைக்கு வரிசை எழுத வேண்டும்.

ஸ்வெட்டர் மார்பில் ஓடும் சடைப் பின்னலைப் பாருங்கள். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று முன்படுகையில் நான்கு கண்ணிகள். முதலில் நான்கையும் பின்படுகைக்குக் கொடுக்க வேண்டும். படுகையை இரண்டு ஊசி வலப்பக்கம் நகர்த்தி, முதல் இரண்டு கண்ணிகளை முன்னுக்கு வாங்க வேண்டும். பிறகு இடப்பக்கம் நகர்த்தி மற்ற இரண்டை வாங்க வேண்டும். இந்த ஓட்டங்களில் ஒரு புதுக் கண்ணிகூடப் பின்னப்படுவதில்லை, வெறும் இடமாற்றம். எந்த ஜோடி முதலில் திரும்புகிறதோ அது மேலே கிடக்கும். வரிகளை முன்பின்னாகப் போட்டால் சடை எதிர்த்திசையில் முறுக்கிக்கொள்ளும். இடமாற்றத்துக்கு முந்தைய வரிசையைச் சற்றுத் தளர்வாகப் பின்னச் சொல்வதும் வழக்கம். இறுக்கமான கண்ணி எதிர் ஊசிக்குப் போகாமல் நழுவினால், அந்த இடத்தில் ஓட்டை.

கோடு போட்ட ஸ்வெட்டரில் ஒரு வேடிக்கை உண்டு. கோடுகளின் வரிசைகளை எண்ணினால் பெரும்பாலும் இரட்டைப்படையில்தான் வரும். நூலை ஏந்திப் போகும் பீடர், போன கரையிலிருந்து புறப்பட்ட கரைக்குத் திரும்ப வேண்டுமல்லவா? ஒற்றைப்படையில் நிறுத்தினால் அடுத்த முறை கேட்கும்போது அது எதிர்க்கரையில் நிற்கும். அதைக் கூட்டிவர கேரேஜ் வெறுமனே ஓட வேண்டும். ஒரு ஸ்வெட்டருக்கு ஒருசில விநாடி நஷ்டம்தான், ஆயிரம் ஸ்வெட்டர் என்றால் முதலாளி கேட்பார்.

இந்தக் கட்டளைகளுக்கு ஒரு நீண்ட பரம்பரை உண்டு. 1589-ல் இங்கிலாந்தின் வில்லியம் லீ, ஒரு வரிசைக் கண்ணிகளை ஒரே மூச்சில் போடும் சட்டகத்தைச் செய்தார். 1863-ல் அமெரிக்கரான ஐசக் லாம்ப் தட்டை இயந்திரத்தைக் கொண்டுவந்தார். கட்டளையை ஓட்டைகளாக எழுதும் யோசனை நெசவிலிருந்து வந்த இரவல்: 1800-களின் தொடக்கத்தில் லியோன் நகரின் ஜக்கார்டு அட்டை. எனக்குப் பிடித்த கிளைக்கதை ஜப்பானுடையது. கையுறை பின்னும் இயந்திரத்தோடு வளர்ந்த ஷிமா செய்கி நிறுவனம், 1995-ல் மிலான் கண்காட்சியில் தையலே இல்லாமல் முழு ஸ்வெட்டரைப் பின்னிக் காட்டியது. மூன்று விரல் கையுறையைத் தலைகீழாகப் பிடியுங்கள்: நடுவிரல் உடம்பு, இரு பக்கமும் கைகள்!

ஆனால் நாம் வாங்கும் ஸ்வெட்டர்களில் பெரும்பாலானவை முன், பின், கை என்று துண்டுகளாகப் பின்னித் தைத்தவை. அதிலும் இரண்டு வழி. ஒன்று, நீளத் துணியாகப் பின்னிக் கத்தரிப்பது. மற்றது, அக்குளருகே ஓரக் கண்ணிகளை வரிசைக்கு வரிசை உள்ளே நகர்த்தித் துண்டை அச்சாகவே வடிவமைப்பது. இரண்டாவதற்குப் புரோகிராம் நீளம், நேரமும் கூட, ஆனால் நூல் சேதமில்லை. உங்கள் ஸ்வெட்டர் எந்த வகை என்று அறிய அக்குள் தையலை ஒட்டிப் பாருங்கள். சாய்வாக அணிவகுத்த சிறு புள்ளிபோன்ற தடங்கள் இருந்தால், கண்ணிகள் இடம்மாறிய சுவடு அது.

பாட்டியிடம் அந்த ஸ்வெட்டரைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். அக்குளில் தடம் எதுவும் இல்லை, தையலுக்குள் வெட்டுவாய் பிசிறடித்திருந்தது. கழுத்தில் பிடித்து இழுத்தும், ஒவ்வொரு வரிசையின் ஓரத்திலும் நூல் முடிந்துபோனது. முழம் முழமாகத் துண்டுகள். மடியில் அவை ஒரு குவியலாகச் சேர்ந்திருந்தன. பாட்டி ஒவ்வொன்றாக எடுத்து முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தார்.