உங்களுக்குத் தெரியுமா? நாராவில் ஒரு கோயில் நடை

ஜப்பானின் நாரா நகரம் 710இல் தலைநகரானது. வழிகாட்டியோடு அரை நாள் நடந்தாலே ஆயிரத்து முந்நூறு ஆண்டு வரலாறு கண்முன் விரியும்.

● வாசலில் 'தோரி' எனப்படும், சுவரும் கதவும் இல்லாத நுழைவாயில் நின்றால், அது பெரும்பாலும் ஷின்டோ ஆலயம். அங்கே இருமுறை குனிந்து வணங்கி, இருமுறை கைதட்டி, மீண்டும் ஒருமுறை குனிவார்கள். பௌத்தக் கோயிலில் கைதட்டுவதில்லை, கைகூப்பினால் போதும்.

● தோதாய்ஜி கோயிலின் வெண்கல புத்தர் சுமார் 15 மீட்டர் உயரம். 752இல் அந்தச் சிலைக்குக் கண் திறந்துவைத்தவர் இந்தியத் துறவி போதிசேனர். அவர் பிடித்த தூரிகையில் கட்டிய நீண்ட கயிற்றைக் கூடியிருந்தோரும் பற்றிக்கொண்டார்கள். கண் திறந்த புண்ணியம் எல்லோருக்கும் சேரவேண்டும் என்பதற்காக! அந்தத் தூரிகையும் நீல நிறக் கயிறும் ஷோசோயின் கருவூலத்தில் இன்றும் பத்திரமாக இருக்கின்றன.

● புத்தர் வீற்றிருக்கும் மண்டபத்தில் ஒரு மரத்தூணின் அடியில் சிறு துவாரம் உண்டு. புத்தரின் மூக்குத் துளை அளவு என்பார்கள். அதில் புகுந்து வெளியே வந்தால் நல்லது நடக்கும் என்பது நம்பிக்கை.

● கசுகா ஆலயத்தில் சுமார் 3,000 விளக்குகள், கல்லிலும் வெண்கலத்திலும். எல்லாவற்றையும் பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் ஏற்றுவார்கள். கசுகா தெய்வம் வெள்ளை மானில் ஏறி வந்ததாக ஐதிகம். அதனால்தான் நாரா மான்கள் தெய்வத் தூதர்களாகப் போற்றப்படுகின்றன.

நாரா சென்றால், ஆலயத்தின் உள்ளே நுழையுமுன் அகப்பையில் நீர் அள்ளி முதலில் இடக்கையையும் பிறகு வலக்கையையும் கழுவுங்கள். அதுவே அந்த மண்ணுக்கு நாம் செய்யும் முதல் மரியாதை.