தாத்தாவின் பம்பு வீடும் என் கணினியும்

அதிகாலை 2 மணி. சிரம்பானில் என் அறையில் ஓர் ஒலிப்பதிவைத் தொகுத்துக்கொண்டிருந்தேன். திரை சட்டென்று இருண்டது. மின்சாரம் இருந்தது, விளக்கும் எரிந்தது. கணினி மட்டும் தானாக அணைந்துவிட்டது. மறுபடி போட்டேன். சில நிமிடம் ஓடிவிட்டு மீண்டும் அணைந்தது.

எனக்கு வயிற்றைப் பிசைந்தது. ரந்தாவ், லாபு, சிலியாவ், பகாவ் என்று நெகிரி செம்பிலான் தோட்டங்களில் வாழ்ந்த முதியவர்களின் குரல்களை, வானொலி வேலை போக மிஞ்சிய நேரத்தில், மூன்று ஆண்டுகளாகப் பதிவு செய்து வருகிறேன். நாற்பது மணி நேரத்துக்கும் மேல் அந்தக் கணினியில் இருந்தது. பேசியவர்களில் இரண்டு பேர் இப்போது இல்லை. நகல் எடுத்து வைத்திருந்ததோ பாதிதான்.

விடிந்ததும் தம்பி வந்தான். பக்கத் தகட்டைக் கழற்றி, உள்ளே இருந்த பம்பில் விரலை வைத்துப் பார்த்தான். "அக்கா, பம்பு செத்துப்போச்சு. ஃபைலெல்லாம் பத்திரமா இருக்கு, பயப்படாத" என்றான். சூடு அளவு மீறிப் போனால் புரோசஸர் தன்னைக் காத்துக்கொள்ள அணைந்துவிடும். அதுதான் நடந்திருக்கிறது.

கணினிக்குள் பம்பு எதற்கு என்று கேட்பீர்கள். வீட்டில் ஒலிவாங்கி வைத்துப் பேசுகிறவர்களுக்கு மின்விசிறி இரைச்சல் பெரிய எதிரி. அதற்காகத் தம்பி எனக்குத் தண்ணீரில் குளிரும் கணினியைக் கட்டிக் கொடுத்திருந்தான். கார் இன்ஜின் மாதிரிதான். பம்பு தண்ணீரைத் தள்ளும். அது புரோசஸர் மேலும் கிராஃபிக்ஸ் கார்டு மேலும் உள்ள செம்புத் தகடுகள் வழியாகப் போய்ச் சூட்டை வாங்கிக்கொண்டு, ரேடியேட்டரில் ஆறி, சிறு தொட்டிக்குத் திரும்பும். விசிறிகள் மெதுவாகச் சுழன்றால் போதும்.

இனி ஒரு பம்பை நம்ப வேண்டாம், இரண்டு வைப்போம் என்று முடிவு செய்தோம். கணினிக்காரர்கள் அதிகம் பயன்படுத்துபவை டி5, டிடிசி என்ற இரண்டு வகை. இரண்டுமே ஜெர்மனியின் லைங் நிறுவனம் உருவாக்கியவை. அந்த நிறுவனம் இப்போது சைலம் குழுமத்தில் இருக்கிறது. கடையில் புது டி5 ஒன்று கிடைத்தது. தம்பியின் அலமாரியில் டிடிசி ஒன்று சும்மா கிடந்தது. ஒரே மாதிரி இரண்டு வாங்கினால் இன்னும் சில நூறு வெள்ளி ஆகும். வெவ்வேறு பம்புகளைச் சேர்க்கலாமா என்று நண்பர்களைக் கேட்டோம். "சேர்க்கவே கூடாது, ஒன்று மற்றதைக் கெடுக்கும்" என்றார்கள் பலர்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ரந்தாவில் தாத்தாவைப் பார்க்கப் போனோம். தாத்தா தோட்டத்துப் பம்பு வீட்டில் வேலை செய்தவர். பெரட்டுக்கு ஆள் சேருமுன்பே எழுந்து போய், ஓடைத் தண்ணீரை மேட்டு டாங்கிக்கு ஏற்றுவார். அது நிறைந்தால்தான் லயத்துக் குழாய்களில் தண்ணீர் வரும். தம்பி பேச்சுவாக்கில் எங்கள் குழப்பத்தைச் சொன்னான். தாத்தா சிரித்தார்.

"ஏம்மா, இதத்தான் நாங்க அப்பவே பட்டுட்டமே! பழைய பம்பு பத்தலன்னு பக்கத்துலயே ஒரு பெரிய பம்பு வச்சாங்க. ரெண்டையும் ஒரே பைப்புல விட்டாங்க. டாங்கி சீக்கிரம் ரொம்பல. பழையது கொதிச்சுப்போச்சு. பெரியவன் தள்ளுற தள்ளுல சின்னவன் தண்ணி வெளிய வர முடியல. அப்புறம் சின்னவன ஓடைக்கிட்டயே விட்டு, பெரியவனப் பாதி மேட்டுல வச்சோம். இவன் குடுப்பான், அவன் வாங்கி மேல தள்ளுவான். அதோட சரியாச்சு."

வீட்டுக்கு வந்து பம்புகளின் விவரத் தாளைப் பார்த்தோம். தாத்தா சொன்னது எண்களிலேயே இருந்தது. டி5 அதிகபட்சம் சுமார் 3.9 மீட்டர் உயரத்துக்குத் தண்ணீரைத் தள்ளும். 18 வாட் டிடிசி சுமார் 5.2 மீட்டர். பக்கம் பக்கமாக வைத்து ஒரே குழாயில் சேர்த்தால், சேருமிடத்தில் டிடிசியின் அழுத்தம் 3.9 மீட்டரைத் தாண்டும்போது டி5 ஒன்றும் தள்ளாது. தண்ணீர் அதன் வழியாகவே பின்னால் திரும்பும். டி5 நின்றுபோனால் நிலைமை இன்னும் மோசம். தகடுகளுக்குப் போகவேண்டிய தண்ணீர் நின்ற பம்பு வழியாகக் குறுக்கே ஓடிவிடும். ஒருவழி வால்வு இல்லாமல் இப்படிப் பூட்டக் கூடாது.

ஒன்றன் பின் ஒன்றாக வைத்தால் கதையே வேறு. இரண்டிலும் ஒரே தண்ணீர்தான் ஓடுகிறது. ஒவ்வொரு பம்பும் தன்னால் முடிந்த அழுத்தத்தைக் கூட்டிக்கொடுக்கிறது. பம்புகள் வெவ்வேறாக இருந்தாலும் சண்டை இல்லை. ஒன்று நின்றால், தண்ணீர் அதன் சக்கரத்தைத் தாண்டி ஓடிக்கொண்டே இருக்கும். வேகம் மட்டும் குறையும்.

அப்படியே பூட்டினோம். தொட்டிக்கு நேர் கீழே டி5, அடுத்து டிடிசி. ஒரு பம்போடு நிமிடத்துக்கு 4 லிட்டர் ஓடிய தண்ணீர் 5.5 லிட்டர் ஆனது. இரண்டு மடங்கு ஆகவில்லை, ஆகவும் ஆகாது. சூடு குறைந்தது எவ்வளவு? ஒரே ஒரு டிகிரி! இதற்கும் கணக்கு உண்டு. கணினி 400 வாட் சூட்டை விட்டால், நிமிடத்துக்கு 4 லிட்டர் ஓடும் தண்ணீர் ஒரு சுற்றில் ஏறக்குறைய ஒன்றரை டிகிரிதான் சூடேறும். ஓட்டத்தை இரட்டித்தாலும் மிச்சம் முக்கால் டிகிரி. நம் ஊர் அறை 31 டிகிரியில் இருக்கும்போது தண்ணீர் அதற்குக் கீழே ஆறவும் வழியில்லை. ஆக, இரண்டாவது பம்பு குளிர்ச்சிக்காக இல்லை. ஒன்று நின்றாலும் வேலை நிற்காமல் இருக்கத்தான்.

அதைச் சோதித்தும் பார்த்தோம். ஓடும்போதே டி5-இன் மின்கம்பியைக் கழற்றினோம். தண்ணீர் வேகம் குறைந்தது, ஆனால் நிற்கவில்லை. டிடிசியைக் கழற்றினோம். அப்போதும் அப்படியே. கணினி ஒரு முறைகூட அணையவில்லை.

வீட்டில் இப்படிச் செய்ய நினைப்பவர்களுக்குச் சில வார்த்தைகள். பம்பைத் தண்ணீர் இல்லாமல் ஒரு நொடிகூட ஓட்டாதீர்கள். அதன் தாங்கிக்குத் தண்ணீர்தான் எண்ணெய். மின்சாரத்தைப் பவர் சப்ளையிலிருந்து நேராக எடுங்கள். டி5 முழு வேகத்தில் சுமார் 23 வாட் கேட்கும். மதர்போர்டின் விசிறி முனை பலவும் 12 வாட்தான் தரும். வேகத்தைச் சொல்லும் கம்பியை மட்டும் மதர்போர்டில் மாட்டினால், பம்பு நின்றதும் எச்சரிக்கை வரும். முன்பு என் கணினியில் அந்தக் கம்பி மாட்டப்படவே இல்லை. டிடிசி அதிகம் சூடாகும், அதற்குக் காற்று படட்டும். செம்புத் தகடு உள்ள சுற்றில் அலுமினிய ரேடியேட்டரைச் சேர்க்காதீர்கள், அரித்துவிடும். கடைசியாக, மற்ற பாகங்களுக்கு மின்சாரம் கொடுக்காமல் பம்புகளை மட்டும் ஒரு நாள் முழுக்க ஓட்டி, இணைப்புகளுக்கு அடியில் டிஷ்யூ தாள் வைத்துக் கசிவு பாருங்கள்.

எனக்கு மட்டும் ஒரு சிக்கல் மிச்சமிருந்தது. இரவில் ஒலிவாங்கியைத் திறந்தால் 'ம்ம்... ம்ம்...' என்று ஏறி இறங்கும் ஒரு முனகல். இரண்டு பம்புகளும் ஏறக்குறைய ஒரே வேகத்தில் சுழன்றால் அவற்றின் ஒலிகள் சேர்ந்தும் பிரிந்தும் இப்படித் துடிக்கும். டி5-இன் வேகத்தை நன்றாகக் குறைத்தேன். துடிப்பு மறைந்தது.

பதிவுகள் அனைத்தையும் இப்போது வெளியே இரண்டு டிஸ்குகளில் நகல் எடுத்துவிட்டேன். ஒரு டிஸ்கு தம்பி வீட்டில் இருக்கிறது. பம்பு எத்தனை இருந்தாலும் நகலுக்கு ஈடாகாது.

போன வாரம் தாத்தாவைச் சிரம்பானுக்கு அழைத்து வந்தேன். கணினியின் மேல் உள்ளங்கையை வைத்து, கண்ணை மூடிக்கொண்டு சிறிது நேரம் நின்றார். "ரெண்டும் ஓடுது" என்றார். பிறகு ஒலிவாங்கி முன் உட்கார்ந்து, பம்பு வீட்டின் கதையை முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தார்.