காற்றைப் பார்த்துப் போடும் வழி

சுவரில் தொங்கும் உலகப் படத்தில் சிங்கப்பூரையும் நியூயார்க்கையும் அடிக்கோல் வைத்து இணைத்தால், கோடு இலங்கையைத் தொட்டு, சகாரா பாலைவனத்தை வெட்டி, அட்லாண்டிக்கைக் கடந்து போகும். உலக உருண்டையின்மேல் அதே இரண்டு ஊர்களுக்கும் நடுவே ஒரு நூலை இழுத்துப் பிடித்தால் கதை வேறு. நூல் மேற்கே போகாது. நேர் வடக்கே ஏறி, சீனாவையும் சைபீரியாவையும் தாண்டி, வட துருவத்தை உரசிக்கொண்டு கனடா பக்கம் இறங்கும்.

இரண்டு ஊர்களும் ஏறக்குறைய எதிரெதிர்த் தீர்க்கரேகைகளில் இருப்பதால் தூரத்தைப் பள்ளிக் கணக்கிலேயே போட்டுவிடலாம். சிங்கப்பூரிலிருந்து துருவம் வரை 88.6 பாகை, அங்கிருந்து நியூயார்க் வரை 49.4 பாகை, மொத்தம் 138. பாகைக்கு 111 கிலோமீட்டர் என்றால் சுமார் 15,300 கிலோமீட்டர்.

இதை எங்கும் நிற்காமல் கடக்க, 2018 அக்டோபரில் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் ஏர்பஸ் ஏ350-900 யுஎல்ஆர் விமானத்தைக் களத்தில் இறக்கியது. ஒரு லட்சத்து 65 ஆயிரம் லிட்டர் எரிபொருள் கொள்ளும் விமானத்தில் இருக்கைகள் 161 மட்டுமே. எடை குறைந்தால்தான் அவ்வளவு தூரம் போக முடியும்.

ஆனால் விமானி நூல் காட்டும் வழியையே பிடித்துக்கொண்டு போவதில்லை. பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக ஒரு காற்றாறு ஓடுகிறது. ஜெட் காற்றோட்டம் என்பது அதன் பெயர். வேகம் மணிக்கு 200 கிலோமீட்டரைத் தாண்டுவதும் உண்டு. 1920-களில் ஜப்பானின் தத்தேனோ ஆய்வகத்தில் வாசாபுரோ ஒய்ஷி என்ற வானிலை அறிஞர் பலூன்களைப் பறக்கவிட்டு இதை அளந்தார். உலகம் முழுவதும் படிக்கட்டும் என்று எஸ்பெராண்டோ மொழியில் அறிக்கை எழுதினார். அந்த மொழி தெரிந்தவர்கள் கொஞ்சம் பேர்தான். அத்தனை அருமையான உழைப்பு வெளிநாடுகளில் கவனிக்கப்படாமலே போனது.

இன்று அந்தக் காற்றுதான் பயண நேரத்தை முடிவு செய்கிறது. அது முதுகில் தள்ளும் என்றால், நியூயார்க் போகும் விமானம் ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் கூடுதலானாலும் பசிபிக் வழியாகச் சுற்றிப் போகும். அதுவே சீக்கிரம் போய்ச் சேரும் வழி. 2020 பிப்ரவரியில் நியூயார்க்கிலிருந்து லண்டனுக்குப் புறப்பட்ட ஒரு போயிங் 747, புயல் தள்ளிய தள்ளலில் 4 மணி 56 நிமிடத்தில் தரையிறங்கியது. வழக்கமாக ஆறு மணி நேரத்துக்கு மேல் ஆகும் பயணம் அது. தரைக் கணக்கில் மணிக்கு 1,300 கிலோமீட்டரைத் தொட்டும், அது ஒலியின் வேகத்தை மீறவில்லை. சுற்றியிருந்த காற்றும் சேர்ந்தே ஓடியதுதான் காரணம்.

சிங்கப்பூர்–நியூயார்க் பயணம் சுமார் பதினெட்டரை மணி நேரம். அமெரிக்கக் கோடைக்காலத்தில் இரண்டு ஊருக்கும் சரியாக 12 மணி நேர வித்தியாசம் என்பதால் கைக்கடிகார முள்ளைத் திருப்ப வேண்டியதே இல்லை. நள்ளிரவு 12 மணிக்குச் சிங்கப்பூரில் புறப்பட்டவர், அதே தேதியில், விடியற்காலை ஆறரைக்கு நியூயார்க்கில் இறங்குகிறார்.